சோழவரத்துக்குத் தைத்த கோட்டு

5 ஜனவரி 1971, செவ்வாய்

காலை பாசஞ்சர் மீஞ்சூரில் வெகுநேரம் நின்றுவிட்டது. நான் பெரியமேட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது தோல் பட்டறையில் எல்லோரும் மெஷின் முன்னால் உட்கார்ந்தாகிவிட்டது. முதலாளி பாய் கடிகாரத்தைப் பார்த்தார். நாள் முழுக்க வெல்டிங் வேலைக்காரர்கள் போடும் கையுறைக்குக் கட்டைவிரல் தைத்தேன். மாட்டுத்தோல். விரல் நுனியெல்லாம் எரிகிறது.

கவரைப்பேட்டைக்குத் திரும்பி வீட்டுக்குள் நுழைந்தால் இவர் கண்ணாடி முன்னால் நிற்கிறார். உடம்பில் கறுப்புத் தோல் கோட்டு. மூர் மார்க்கெட்டில் பிடித்தாராம். பளபளவென்று இடுப்போடு ஒட்டிக்கொண்டு, அழகாகத்தான் இருந்தது. அடுத்த மாதம் சோழவரத்து மோட்டார் சைக்கிள் பந்தயத்துக்குப் பேர் கொடுத்துவிட்டதாக அப்போதுதான் வாய் திறந்தார். தோல் கோட்டு இல்லாமல் அங்கே உள்ளே விடமாட்டார்களாம்.

கோட்டின் கையை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்துப் பார்த்தேன். தொழில் பழக்கம். ஆட்டுத்தோல். ஒரு விரலின் சூடு அடுத்த விரலுக்குத் தெரிகிறது, அவ்வளவு மெலிசு.

"இன்னா ஞானம், நல்லா கீதா?"

நல்லா இருக்குது என்றேன். முகத்தில் அவ்வளவு சந்தோஷம் வைத்துக்கொண்டு கேட்டால் வேறென்ன சொல்வது?

8 ஜனவரி, வெள்ளி

தனியாக இல்லையாம். குப்புராஜ் அண்ணனும் பேர் கொடுத்திருக்கிறார். எண்ணூர் கம்பெனியில் இவர் கடைசல் பிடிக்கும் லேத்துக்குப் பக்கத்து லேத்து அவருடையது. இரண்டு பேரிடமும் பழைய ஜாவா வண்டி. இரண்டு பேருக்கும் ஒரே கிறுக்கு. ஒரு வித்தியாசம், இவர் வண்டியில் உட்கார்ந்தால் வண்டியும் இவரும் ஒன்றாகத் தெரியும். குப்புராஜ் அண்ணன் தீபாவளிக்கு முன்னால் பொன்னேரி ரோட்டில் விழுந்தார். அதற்கு முன்னாலும் விழுந்திருக்கிறார். முழங்கை புண்ணைக் காட்டிச் சிரிப்பார்.

சோழவரத்தை நான் பார்த்ததில்லை. யுத்த காலத்தில் ஏரோப்ளேன் இறங்கப் போட்ட தார் ஓடுதளமாம். கரடுமுரடான தார் என்று இவரே சொல்கிறார். சொல்லிவிட்டு அந்தக் கோட்டைத் துணி போட்டுத் துடைக்கிறார்.

10 ஜனவரி, ஞாயிறு

கோயிலுக்குப் போய்வந்த பிறகு சொல்லிவிட்டேன். இந்தக் கோட்டு மழைக்குக்கூடத் தாங்காது, தார் ரோட்டுக்கு எப்படித் தாங்கும் என்று. இவர் விடவில்லை. மெலிசா இருந்தால்தான் உடம்பு வளையும், டாங்க் மேல் படுத்து ஓட்ட வேண்டும், தடித் தோலில் கை விட்டால் பீப்பாய்க்குள் விட்ட மாதிரி இருக்கும் என்றார். அதுவும் பொய்யில்லை. எனக்குத் தெரியும். அதனால்தான் எரிச்சல் கூடியது.

பட்டறையிலிருந்து வெட்டுத்துண்டு இரண்டு எடுத்துவந்திருந்தேன். ஒன்று இவர் கோட்டு மாதிரியே ஆட்டுத்தோல். இன்னொன்று மாட்டு முதுகுத் தோல், அதைப்போல் இரண்டு பங்கு தடி. இரண்டு செங்கல்லில் சுற்றிக் கம்பி போட்டுக் கட்டினேன். வீட்டுக்கு வந்திருந்த குப்புராஜ் அண்ணன் சிரித்துக்கொண்டே தன் வண்டிக்குப் பின்னால் கயிற்றில் கட்டி, ஆரணி போகிற ரோட்டில் இழுத்துக்கொண்டு போனார். பாலம் வரைக்கும் போய்த் திரும்பி வந்தார். வரும்போது சிரிப்பு இல்லை.

ஆட்டுத்தோல் கம்பிக்கு அடியில் நார் நாராகத் தொங்கியது. செங்கல் மூலை தேய்ந்து சிவப்பாய் மாவு கொட்டியது. மாட்டுத்தோல் மேலே வெளுத்திருந்தது, அவ்வளவுதான். உள்ளே செங்கல் அப்படியே இருந்தது.

இவர் இரண்டையும் கையில் வாங்கிப் பார்த்தார். கீழே வைத்தார்.

"நான் இன்னா செங்கல்லா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

13 ஜனவரி, புதன்

பாயிடம் கேட்டேன். கம்பிவேலி கிழித்த தழும்பு இருக்கிறது என்று ஏற்றுமதிக்காரர்கள் தள்ளிய தோல் ஒன்று மூலையில் கிடந்தது. தழும்பு பார்வைக்குத்தான் குறை. தடிமன் பார்க்கும் அளவுமானியில் வைத்துப் பார்த்தேன், முதுகுப் பக்கம் முழுக்க ஒன்றேகால் மில்லி, ஒரே சீராக. வயிற்றுப் பக்கம் இன்னும் தடி, ஆனால் பஞ்சு. தடிமன் இருந்து என்ன, பிடித்து இழுத்தால் நீளுகிறது. அதைத் தொடப்போவதில்லை. முதுகிலேயே இவருக்கு ஒரு கோட்டின் உடம்பும் கையும் வெட்டிவிடலாம். சாப்பாட்டு நேரத்தில் தைத்துக்கொள் என்று பாய் சொல்லிவிட்டார்.

இவரிடம் இன்னும் சொல்லவில்லை.

22 ஜனவரி, வெள்ளி

தோள்பட்டையில் இரண்டு மடிப்பு வைத்துத் தைக்கும்போது ஊசி உடைந்து கன்னத்தில் அடித்தது. கண்ணுக்கு ஒரு விரல் கீழே.

26 ஜனவரி, செவ்வாய்

இன்று லீவு. கோட்டைப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். போட்டார். கையை மடக்கினார், மடங்கவில்லை. வண்டியில் உட்கார்ந்து குனிந்தார், கழுத்துப்பட்டை தாடையில் இடித்தது. அக்குள் வெட்டுகிறது என்றார். கழற்றிக் கட்டில்மேல் போட்டார். அது ஆள் உட்கார்ந்த மாதிரியே நின்றது.

இதப் போட்டுக்கினு ஓட்டினா வளைவுல திருப்ப முடியாம இதனாலேயே வுழுவேன் என்றார். நான் பதில் சொல்ல, அவர் பதில் சொல்ல, சத்தம் தெருவுக்குப் போய்விட்டது. கடைசியில் சொன்னார், என்னைப் பயமுறுத்தி ஊட்லயே குந்த வைக்கப் பாக்கற, அதுக்குத்தான் இந்தத் தோலு.

குந்த வைக்கவா. சாப்பாட்டு நேரத்துல சோறு துன்னாம தச்சது அதுக்கா. இந்த மனுஷன் மண்ணுல உராஞ்சா எனக்கு எரியுமேன்னு ஒரு நெனப்பு இருக்குதா இவருக்கு? போட்டா போடட்டும் போடாட்டி போகட்டும். பேஜாரு புடிச்ச வேல.

30 ஜனவரி, சனி

கோபம் ஆறியதும் புத்தி வேலை செய்கிறது. விழுந்தால் எது தரையில் படும்? தோள், முழங்கையின் வெளிப்புறம், முதுகு, இடுப்பு. அங்கே தடி இருக்கட்டும். அக்குளும் முழங்கை உள்மடிப்பும் தரையில் படாது. அதைப் பிரித்துவிட்டு மெல்லிய கன்றுத்தோல் வைத்துத் தைத்தேன். கழுத்துப்பட்டையைத் தாழ்த்தினேன். வெளிப்புறத் தையலெல்லாம் இரண்டு வரிசையாக இரட்டை ஓட்டு.

சாயங்காலம் போட்டுக்கொண்டு வண்டிமேல் படுத்துப் பார்த்தார். கையை மடக்கினார், நீட்டினார். இறங்கினார். பரவால்ல என்றார். கழற்றாமலே டீ குடித்தார்.

7 பிப்ரவரி, ஞாயிறு

இரண்டு பேரும் சோழவரத்தில் ஓட்டிப் பழகிப் பார்க்கப் போய்வந்தார்கள். இவர் நம் கோட்டைத்தான் போட்டுப் போனார். குப்புராஜ் அண்ணன் ரெக்ஸினில் ஏதோ கோட்டு தைத்துவைத்திருக்கிறார். தோல் மாதிரியே இருக்குது தங்கச்சி, எவன் கண்டுபிடிப்பான் என்கிறார்.



13 பிப்ரவரி, சனி

நாளைக்குப் பந்தயம். இரண்டு கோட்டையும் மடித்துப் பையில் வைத்திருக்கிறார். அந்த மெலிசு எதற்கு என்று கேட்டேன். போட்டோ எடுத்தால் போட்டுக்கொள்வாராம்.

16 பிப்ரவரி, செவ்வாய். மெட்ராஸ் பெரியாஸ்பத்திரி

உயிர் இருக்கிறது. பேசுகிறார். முதலில் அதை எழுதிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நானும் குப்புராஜின் சம்சாரம் கோவிந்தம்மாவும் கயிறு கட்டிய இடத்துக்கு இந்தப்பக்கம் மண்மேட்டில் உட்கார்ந்திருந்தோம். கோவிந்தம்மா இடுப்பில் சின்னது, மடியைப் பிடித்துக்கொண்டு பெரியது. சனம் சனம் அப்படி ஒரு சனம். புழுதி, பெட்ரோல் வாசனை, காது அடைக்கிற சத்தம். வண்டிகளையும் ஆட்களையும் சோதித்துக்கொண்டிருந்தார்கள். குப்புராஜின் கோட்டைத் தொட்டதும் ஒதுங்கி நிற்கச் சொல்லிவிட்டார்கள். ரெக்ஸின் உராய்ந்தால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும், தோல் கோட்டு இருந்தால் வா, இல்லாவிட்டால் இல்லை.

குப்புராஜ் தலையைத் தொங்கப்போட்டு நிற்பது தெரிந்தது. இவர் அவரிடம் போனார். பேசினார். பிறகு தன் கோட்டின் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தார்.

நான் எழுந்து கயிற்றுக்கிட்டே ஓடினேன். கூப்பிட்டேன். வந்தார். அதற்குள் மேலே அந்த ஆட்டுத்தோல் ஏறிவிட்டது.

"அவன் வுழறவன் ஞானம். நான் வுழமாட்டேன்."

"அப்போ இந்த மெலிச அவருக்குக் குடேன். நான் தச்சத நீ போட்டுக்க."

"அவன் வுழுந்தா?"

திரும்பிப் பார்த்தேன். கோவிந்தம்மா பிள்ளையோடு என் பின்னாலேயே வந்து நிற்கிறாள். காதில் விழுந்திருக்கிறது. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நான் என்ன சொல்ல முடியும்?  இவர் போய்விட்டார்.

இரண்டு சுற்று நன்றாகப் போனது. இவர் முன்னால் இருந்த ஆட்களை ஒவ்வொருவராகப் பிடித்துக்கொண்டே வந்தார். என்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டேன். அடுத்த சுற்றில் வளைவுக்கு வரும்போது இவருக்கு நேர் முன்னால் குப்புராஜ். அவன் வண்டி பின்சக்கரம் விலகிப் படுத்தது. இவர் அவன்மேல் ஏறக்கூடாது என்று வண்டியை ஒடித்தார். இவர் வண்டியும் படுத்தது. இரண்டு பேரும் ஒரே வளைவில் ஒரே தாரில் வழுக்கிக்கொண்டே போனார்கள். குப்புராஜ் இன்னும் தூரம் போய் வைக்கோல் கட்டுகளில் முட்டினான்.

புழுதி அடங்கியதும் ஒருத்தர் எழுந்து நின்றார். என் கோட்டு. எழுந்து, கையை உதறிக்கொண்டு நடந்தது என் கோட்டு. ஒரு நொடி எனக்கு இவர்தான் என்று தோன்றியது. ஒரு நொடி சந்தோஷமாகக்கூட இருந்தேன்.

இவர் குப்புறக் கிடந்தார். இடது தோளிலிருந்து முதுகு பாதி வரைக்கும் கோட்டும் இல்லை, சட்டையும் இல்லை. இதற்கு மேல் எழுத மாட்டேன்.

17 பிப்ரவரி, புதன்

கட்டு மாற்றும்போது வெளியே போகச் சொல்கிறார்கள். வெளியே நின்றாலும் கேட்கிறது.

19 பிப்ரவரி, வெள்ளி

குப்புராஜ் தினம் சாயங்காலம் ஷிப்ட் முடித்து வருகிறான். கையில் ஒரு சின்ன கட்டு, அவ்வளவுதான். வார்டு வாசலில் நிற்கிறான். தங்கச்சி என்றான். நான் திரும்பிக்கொண்டேன். இவன வுழ சொன்னது யாரு? வண்டி ஓட்டத் தெரியாதவன் ரேசுக்கு எதுக்கு வரணும்? இவன் வுழலைன்னா இவரு ஒடிச்சிருக்க மாட்டார். இவன் வராம இருந்தா கோட்டு இவரு மேல இருந்திருக்கும். ரெண்டு பக்கமும் இவன்தான்.

கோவிந்தம்மா தூக்குவாளியில் கஞ்சி கொடுத்தனுப்பியிருந்தாள். பக்கத்து பெட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

24 பிப்ரவரி, புதன்

சாம்பல் புதன். கோயிலுக்குப் போக முடியவில்லை.

தோளில் புண் ஆழமாக இருக்கிறது, தானாக மூடாது என்று டாக்டர் சொன்னார். தொடையிலிருந்து தோலை மெல்லிசாகச் சீவி எடுத்துத் தோளில் ஒட்ட வேண்டுமாம். எவ்வளவு மெல்லிசு என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, காகிதம் மாதிரி என்றார்.  நாள் முழுக்கத் தோலைச் சீவுகிற இடத்தில் உட்கார்ந்திருக்கிறவளுக்கு அந்த வார்த்தை வேறு மாதிரி கேட்கிறது.

கையெழுத்துப் போட்டேன்.

3 மார்ச், புதன்

வெளியே எலெக்ஷன் லாரிகள் ஒலிபெருக்கி வைத்துக்கொண்டு ஓயாமல் போகின்றன. இவருக்குக் காய்ச்சல். ஒட்டிய தோல் பிடிக்கிறதா இல்லையா என்று இன்னும் சொல்லமாட்டேன் என்கிறார்கள்.

9 மார்ச், செவ்வாய்

பிடித்துவிட்டது. ஓரத்தில் கொஞ்சம் தவிர. ஆண்டவரே.

இவர் நன்றாகப் பேசினார் இன்று. கேட்க வேண்டாம் என்றுதான் இருந்தேன், கேட்டுவிட்டேன். அந்தக் கோட்டை அவனுக்குக் கொடுத்தது பாவம் என்றா, இல்லை மெலிசுதான் லேசு, அதில் வேகமாகப் போகலாம் என்றா?



"ரெண்டும்தான்," என்றார்.

அந்தப் பதில் வராமல் ஒன்றே ஒன்று வந்திருந்தால் எனக்குக் கோபப்படவோ மன்னிக்கவோ சுலபமாக இருந்திருக்கும்.

27 மார்ச், சனி

இவரை வீட்டுக்குக் கூட்டிவந்து ஒரு வாரம். இடது கை தோளுக்கு மேல் எழவில்லை. எண்ணெய் போட்டுத் தினம் தூக்கித் தூக்கி இறக்கச் சொல்லியிருக்கிறார்கள். வலிக்கும்போது என்மேல் எரிந்து விழுகிறார். லேத்துக்கு இரண்டு கையும் வேண்டும். கம்பெனியில் ஆளில்லாத மெஷினை எத்தனை நாள் சும்மா போட்டுவைப்பார்கள்? வேறு ஆள் வந்து உட்கார்ந்துவிட்டால்? இதைத்தான் இரண்டு பேரும் நினைக்கிறோம். 

குப்புராஜ் செய்தித்தாளில் சுற்றிக் கோட்டைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தார். பிரிக்காமல் பரண்மேல் போட்டேன்.

3 ஏப்ரல், சனி

பிரித்தேன். பட்டறைக்கு எடுத்துப்போனேன்.

தோள்பட்டையில் மேல்மடிப்பு முழுக்கப் போயிருந்தது, அடிமடிப்பு நன்றாக இருந்தது. முதுகில் மடிப்பு கிடையாது, ஒற்றைத் தோல். அங்கே ஒரு கை அகலத்துக்குச் சாம்பல் நிறமாய் மயிர் மயிராக எழும்பியிருந்தது. முழங்கையில் ஒரு தையல் விட்டிருக்கிறது, இரண்டாவது ஓட்டு பிடித்துக்கொண்டிருக்கிறது. முதுகில் தேய்ந்த இடத்தில் அளவுமானியை வைத்தேன். அரை மில்லிக்குக் கொஞ்சம் கூட.

இவர் போட்டிருந்த ஆட்டுத்தோல் புதுசாக இருக்கும்போதே அவ்வளவுதான் இருந்தது.

 அந்த மெலிசைக் குப்புராஜ் போட்டிருந்தால், அன்று அவ்வளவு தூரம் வழுக்கிப் போனாரே, கோவிந்தம்மாவிடம் அவரை எந்த நிலையில் தூக்கிக் கொடுத்திருப்பார்கள்? இவருக்கு அது தெரிந்திருக்கிறது. கயிற்றுக்கு அந்தப்பக்கம் நின்றுகொண்டு என்னைக் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

ஆனாலும் குப்புராஜைப் பார்த்தால் இன்னும் எரிகிறது. எழுதுவதால் குறையவில்லை.

19 ஏப்ரல், திங்கள்

சாயங்கால வண்டியில் எண்ணூரில் கோவிந்தம்மா சின்னதைத் தூக்கிக்கொண்டு ஏறினாள். என்னைப் பார்த்ததும் தயங்கினாள். இடம் வேறெங்கும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்தாள். 

அத்திப்பட்டில் பிள்ளை அழுதான், நான் கையில் வாங்கிக்கொண்டேன். அவனுக்கென்ன தெரியும். தோளில் சாய்ந்து தூங்கிவிட்டான். அப்புறம்தான் பேச்சு வந்தது. புருஷனுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிறாளாம். இப்போது மதியம் வெளியே போய்ச் சாப்பிட அவருக்கு நேரமில்லை என்றாள். ஏன் என்றேன். அவளுக்கு ஆச்சரியம், எனக்குத் தெரியாதா என்று.

இவர் விழுந்த மறுவாரமே குப்புராஜ் போர்மேனிடம் போய் நின்றிருக்கிறார். ஜெயராஜ் மெஷினுக்கு ஆள் போடாதீங்க, அவன் வர்ற வரைக்கும் ரெண்டையும் நானே பார்க்கறேன் என்று. ஒன்றில் வேலையை மாட்டிவிட்டு, அது ஓடும்போது அடுத்ததுக்கு ஓட்டம். பிப்ரவரியிலிருந்து அப்படித்தான். சாப்பிட உட்காருவது கிடையாது.

"ஊட்டுக்கு வந்தா காலு நிக்காதுக்கா. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சொல்லிக்கீது."

கவரைப்பேட்டை வந்துவிட்டது. பிள்ளையைக் கொடுத்துவிட்டு இறங்கினேன்.  வண்டி போன பிறகும் பிளாட்பாரத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

25 ஏப்ரல், ஞாயிறு

குப்புராஜ் அண்ணன் வந்தார். வழக்கம்போல் வாசலிலேயே நின்று இவரிடம் பேசினார். ஆள் பாதியாகியிருக்கிறார். இத்தனை நாள் வந்தபோது நான் முகத்தை ஏறெடுத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

உள்ள வந்து குந்துங்கண்ணா, சோறு ஆயிடுச்சு என்றேன். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு அண்ணன் செருப்பைக் கழற்றினார்.

7 ஜூன், திங்கள்

இன்று இவர் வேலைக்குப் போனார். கை முழுக்க எழவில்லை, தலைவாரும் உயரத்துக்கு எழுகிறது. அது போதும் என்று போர்மேன் சொல்லிவிட்டார். கனமான வேலையைப் பக்கத்து மெஷினுக்கு மாற்றிக்கொள்ளலாமாம். நாஷ்டா சாப்பிட்டுவிட்டு என்னோடு ஸ்டேஷனுக்கு நடந்தார். ஜாவா தாழ்வாரத்தில் சாக்கு மூடிக் கிடக்கிறது. இரண்டு பேரும் அதைத் தாண்டித்தான் வந்தோம்.

20 பிப்ரவரி 1972, ஞாயிறு

இன்று சோழவரத்தில் பந்தயம். விடிந்ததிலிருந்து பெரிய ரோட்டில் லாரியும் பஸ்ஸும் ஆளைச் சுமந்துகொண்டு போகின்றன. குப்புராஜ் அண்ணன் குடும்பத்தோடு இங்கே வந்துவிட்டார். போகவில்லையா என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. கறிக்குழம்பு வைத்தேன். கோவிந்தம்மா வெங்காயம் உரித்துக் கொடுத்தாள்.

சாப்பிட்டு முடித்ததும் இவர் தாழ்வாரத்துக்குப் போய்ச் சாக்கை எடுத்தார். அண்ணனும் போனார். இரண்டு பேரும் வண்டி பக்கத்தில் குந்திக்கொண்டு செயினைத் தொடுவதும் பிளக்கைக் கழற்றுவதுமாக இருந்தார்கள். வெகுநேரம் கழித்து இவர் தலையைத் தூக்காமலே சொன்னார், அடுத்த வருஷம் போலாமான்னு கீது.

 கோவிந்தம்மா என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன். சொன்னால் கேட்பார். அதுவும் தெரிந்தது. கேட்டுவிட்டு இந்தச் சாக்கைத் திரும்ப மூடுவார், வாழ்நாள் முழுக்க அது அங்கேயே கிடக்கும்.

உள்ளே போய் அளவெடுக்கும் டேப் எடுத்துவந்தேன். குப்புராஜ் அண்ணனை முதலில் நிற்கச் சொன்னேன். அவருக்கு மார்பு இவரைவிட இரண்டு அங்குலம் அகலம், போன தடவை எப்படித்தான் பொத்தான் போட்டாரோ. அப்புறம் இவர் வந்து நின்றார், சட்டையைக் கழற்றிவிட்டு. ஒட்டின தோல் வெளிறி, மினுமினுவென்று இருக்கிறது. தொட்டால் சில இடத்தில் உணர்ச்சி இருக்கிறது, சில இடத்தில் இல்லை என்றார்.

இடது தோளுக்கும் வலது தோளுக்கும் இப்போது ஒரே அளவு இல்லை. இரண்டையும் தனித்தனியாக எடுத்தேன்.